ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

293318625600. நம்ம கணக்கில் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ராமானுஜன் 1915-ல் வெளியிட்ட ஒரு பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண். ஆனால் இல்லை.

அது என்ன பட்டியல்? எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளையும் கம்பையும் சோளத்தையும் வைத்தே சொல்லிவிடலாம். பழைய அளவையில் 12 மரக்கால் ஒரு கலம். 10 மரக்காலை மூணு பேருக்கோ நாலு பேருக்கோ முழுசாகப் பங்கு வைக்க முடியாது. 12 என்றால் 2, 3, 4, 6 எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். 1, 12 இரண்டையும் சேர்த்து அதற்கு 6 காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சுவதை 'உயர் பகு எண்' என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று இது போகும்.

ராமானுஜன் இப்படி 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. கணினி இல்லாத காலம். ஒவ்வொரு எண்ணாகச் சோதித்தால் ஆயுசு போதாது. அவர் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, அடுக்குகளைப் பார்த்தார். 12-ல் இரண்டு 2, ஒரு 3. மாற்றிப் போட்டால் 18. அதற்கும் 6 காரணிதான், ஆனால் எண் பெரிதாகிவிட்டது. ஆகவே சின்னப் பகா எண்ணின் அடுக்கு, பெரியதன் அடுக்கை விடக் குறையவே கூடாது. இந்த மாதிரி விதிகளால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் தேறாத அந்த மனிதருக்கு, இந்த ஆய்வுக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. முதல் உலகப் போர்க் காலம். லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. மிச்சம் 1997-ல்தான் நிக்கோலா, ராபின் என்ற இரு கணிதவியலாளர்களின் குறிப்புகளோடு வெளிவந்தது.

சரி, அந்த ஓர் எண் விடுபட்டதால் விதி ஏதும் பிழையாகிவிட்டதா? பிரித்துப் பார்ப்போம். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. இறங்குவரிசை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 5,040 காரணிகள். அவர் சொன்ன விதிக்குள் அடங்கிய எண்தான். விடுபட்டது பட்டியலில் ஒரு வரி; தேற்றத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கால்குலேட்டரை எடுத்து அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6746328388800 வரும். 23 புதுப் பகா எண் என்பதால் காரணிகள் அப்படியே இரட்டிப்பாகி 10,080 ஆகும். பட்டியலில் காணாமல்போன எண், அதே பட்டியலின் கடைசி எண்ணுக்குள் ஒரு காரணியாக உட்கார்ந்திருக்கிறது.