டிஎல்கே நொதி

நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்ஸான் அறுந்தால், அங்கிருந்து காயச் சேதியைச் செல்லின் உட்கருவுக்கு அனுப்பும் தொடர்வினையை முடுக்கிவிடும் நொதி டிஎல்கே. பிற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

பாதம்வரை ஓடும் ஆக்ஸான் வளர்ந்த மனிதரில் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் இருக்கும். அந்தச் செல்லின் உட்கருவோ தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கட்டளை வரும்வரை வெட்டுவாய் காத்திருக்க முடியாது. எனவே, கையிருப்பில் உள்ள புரதங்களே உருமாறிச் செயலில் இறங்குகின்றன. வெட்டுவாய் வழியே கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. டிஎல்கே மூலக்கூறுகள் இணைசேர்ந்து, ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றி விழிப்படைகின்றன. அடுத்தடுத்த கைனேஸ்கள் வழியாக ஜேஎன்கே என்ற கைனேஸ் தூண்டப்பட, டைனீன் என்ற இயக்கப் புரதம் நுண்குழல்கள் வழியே இந்தச் சேதியைச் செல் உடலுக்குச் சுமந்து செல்கிறது. முடிவில் உட்கருவில் சி-ஜுன் புரதம் பாஸ்பேட் ஏற்று, மீள்வளர்ச்சி மரபணுக்களை இயக்குகிறது. டிஎல்கேயின் மீது ஒட்டும் பால்மிட்டிக் கொழுப்பு அமிலமும் இந்தச் சேதி கடத்தலுக்கு இன்றியமையாதது. அதுதான் நொதியைக் கடத்துப் பைகளின் சவ்வோடு பிணைக்கிறது.

காயமில்லாத நாட்களில் இந்நொதி பெருகாமல் பார்த்துக்கொள்வது யுபிக்விட்டின் என்ற சிறு புரதம். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற புழுவில் ஆர்பிஎம்-1, பழ ஈயில் ஹைவயர், சுண்டெலியில் பிஎச்ஆர்1 ஆகியவை டிஎல்கேயின் மீது யுபிக்விட்டினை ஏற்றிச் சிதைவுக்கு அனுப்புகின்றன.

மீள்வளர்ச்சியில் டிஎல்கேயின் பங்கை அறிவதில் திருப்புமுனையாக அமைந்தவை 2009இல் வெளியான புழு ஆய்வுகள். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள, உடல் ஊடுருவித் தெரியும் புழு. ஒளிரும் புரதம் ஏற்றிய ஒற்றை ஆக்ஸானை நுண்ணோக்கியில் பார்த்தபடியே லேசரால் துண்டிக்கலாம். இயல்பான புழுவில் அறுந்த முனை வளர்கூம்பாக விரிந்து மீண்டும் நீள்கிறது. டிஎல்கே-1 மரபணு பழுதான புழுவில் அது வெறும் முண்டாகவே நின்றுவிடுகிறது. நொதியின் அளவைக் கூட்டினால் வளர்ச்சி மேம்படுகிறது.

பாலூட்டிகளில் கதை இத்தனை நேரானதல்ல. சுண்டெலியின் இடுப்பு நரம்பு மீண்டு வளர டிஎல்கே தேவை. பார்வை நரம்பு நசுங்கினால் அதே நொதி விழித்திரை நரம்பு செல்களைச் சாவுக்குத் தள்ளுகிறது. அதை நீக்கினால் பல செல்கள் பிழைக்கின்றன. ஆனால் வளர்ச்சியைத் தடுக்கும் பிடென் மரபணுவை நீக்கிப் பெறும் ஆக்ஸான் வளர்ச்சி அப்போது பெரிதும் குன்றிவிடுகிறது. சிகிச்சை தேடுவோர் முன்னுள்ள கடினமான முடிச்சு இது. செல் சாவைத் தடுக்கும் நோக்கில், இயக்க நரம்புகள் அழியும் ஏஎல்எஸ் நோயாளிகளிடம் டிஎல்கே தடுப்பு மருந்து ஒன்று பரிசோதிக்கப்பட்டது. ரத்தத் தட்டணுக்கள் குறைதல் உள்ளிட்ட பாதிப்புகள் தோன்றியதால் அது கைவிடப்பட்டது.