தேரும் வால்வும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் எல்லார் கண்ணும் வடத்தின் மேலேயே இருக்கும். அடுத்த முறை போனால் கொஞ்சம் சக்கரத்தின் பக்கமாகப் பாருங்கள். கையில் முட்டுக்கட்டையோடு சில பேர் தேருடனேயே நகர்ந்துகொண்டிருப்பார்கள். வடம் இழுப்பவர்களுக்குத் தேவை பலம். இவர்களுக்குத் தேவை நேரக் கணக்கு. தேர் இடது பக்கம் ஒதுங்கினால் கட்டையைச் செருகித் திருப்ப வேண்டும். திரும்ப ஆரம்பித்ததுமே எடுத்துவிட வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் போச்சு. தேர் வலது பக்கம் போய்விடும். பதறிப்போய் அந்தப் பக்கம் பெரிய கட்டையாகப் போட்டால், இன்னும் வேகமாக இடது பக்கம் வரும். திருத்தத் திருத்த ஆட்டம் கூடும்.

இந்த வியாதி தேருக்கு மட்டும் இல்லை. கேஸ் டர்பைனுக்கும் உண்டு. அங்கே கட்டைக்குப் பதில் எரிபொருள் வால்வு. கட்டை போடுகிற ஆளின் பெயர் கவர்னர். (கிண்டியில் இருப்பவர் வேறு.) டர்பைன் வேகம் குறைந்தால் வால்வைத் திற, கூடினால் மூடு. கவர்னரின் வேலை இவ்வளவுதான். ஆனால் சில நாள் அதற்குப் பித்துப் பிடிக்கும். திற, மூடு, திற, மூடு என்று ஓயாமல் உத்தரவு போடும். எஞ்சினியர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஹண்டிங்'. இல்லாத இரையைத் தேடி அலைகிற வேட்டை.

நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம் என்று ஒரு ஊர். சங்கீத மகாராஜபுரம் தஞ்சாவூர்ப் பக்கம், இது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். அங்கே கிணற்றில் ஓடுகிற மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் சொந்தக்காரர் இல்லை. மின்சாரத்தின் அலைவரிசை. விநாடிக்கு 50 சுற்று இருந்தால் சரி, அதுவே 48 ஆனால் மோட்டாரின் வேகமும் நூற்றுக்கு நாலு குறையும். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் மில் ஆரம்பித்து வைத்தார். பின்னால் அந்த ஊரே நூற்பு ஊராகிவிட்டது. கரண்டோடு நேரடியாக ஓடும் மோட்டார் என்றால் அங்கே கதிர் சுற்றுவதும் இதே கணக்கில்தான். நூலில் நாலு சதவீதம் போவது என்றால் என்ன என்று மில்காரரைக் கேளுங்கள். நான் காமர்ஸ் படித்தவன், எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

அந்த 50-ஐக் காப்பாற்றும் பொறுப்பில், எங்கோ இருக்கும் மின் நிலையங்களின் கவர்னர்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கதை.

கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகளைத் தொங்கவிட்டார். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் குண்டுகள் விரிந்து மேலே எழும்பும். அந்த அசைவு நீராவி வால்வை மூடும். காற்றாலை மாவு மில்களில் முன்பே இருந்த யோசனைதான். வாட் அதை எஞ்சினுக்குக் கொண்டுவந்தார். பிரமாதமாக வேலை செய்தது.

பிறகு எஞ்சின்களின் வேலைப்பாடு துல்லியமாகிக்கொண்டே போனது. உராய்வு குறைந்தது. நியாயமாகப் பார்த்தால் கவர்னர் இன்னும் நன்றாக வேலை செய்திருக்க வேண்டும். நடந்தது நேரெதிர். குண்டுகள் ஆட ஆரம்பித்தன! ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கரடுமுரடான பழைய பாகங்களின் உராய்வுதான் அதுவரை ஆட்டத்தை அடக்கி வைத்திருந்தது என்ற விஷயம் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஏரி. பிரிட்டனின் அரசு வானியலாளர். நட்சத்திரம் நகரும் வேகத்துக்கு டெலஸ்கோப்பையும் சீராகத் திருப்ப வேண்டும். அதற்காக வைத்த கவர்னர் கட்டுக்கடங்காமல் ஆடியது. 1840-ல் அவர் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். அடுத்து 1868-ல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்த அதே மாக்ஸ்வெல். கவர்னர்கள் பற்றிச் சில பக்கங்களில் ஒரு கட்டுரை. ஆட்டம் தானாக அடங்குமா, பெரிதாகுமா என்று எஞ்சினை ஓட்டிப் பார்க்காமல் காகிதத்திலேயே சொல்ல முடியும் என்று காட்டினார். ஆனால் சிக்கல் ஒரு அளவுக்கு மேல் போனால் அவராலும் பொது விடை சொல்ல முடியவில்லை.

அதைச் சொன்னவர் எட்வர்ட் ரூத். 1854-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் மாக்ஸ்வெல்லை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலிடம் பிடித்தவர். இந்தக் கேள்வியைப் பல்கலைக்கழகம் பரிசுப் போட்டிக்கு வைத்தபோது, 1877-ல் பரிசும் அவருக்கே போனது.

நிற்க. எனக்கு இந்தக் கதையில் பிடித்த மனிதர் இன்னும் வரவில்லை. ஆரல் ஸ்டோடோலா. இன்றைய ஸ்லோவாக்கியாவில் 1859-ல் பிறந்து, சுவிட்சர்லாந்தில் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஆனவர். டர்பைன் கவர்னர் ஆடுகிற பிரச்னை இவருக்கும் வந்தது. ரூத் ஏற்கெனவே விடை எழுதி வைத்திருப்பது தெரியாமல், கூட வேலை பார்த்த கணித மேதை ஹர்விட்ஸிடம் கேட்டார். ஹர்விட்ஸ் 1895-ல் தனியாக ஒரு விடை கண்டுபிடித்தார். டாவோஸ் ஊரின் டர்பைன் நிலையத்தில் அதைப் பயன்படுத்தியும் பார்த்தார்கள். இன்று எஞ்சினியரிங் மாணவர்கள் ரூத்-ஹர்விட்ஸ் என்று சேர்த்து மனப்பாடம் செய்கிறார்களே, அது இரண்டு நாட்டில் இரண்டு பேர் ஒரே வியாதிக்கு எழுதிய மருந்துச் சீட்டு.

அதற்கப்புறம் 44 வருஷம் கழித்து, 1939-ல், நொயசாடெல் என்ற சுவிஸ் ஊரில் பிரவுன் பொவேரி கம்பெனி ஒரு இயந்திரத்தை நிறுவியது. ஊருக்கு மின்சாரம் தரும் முதல் கேஸ் டர்பைன். 4,000 கிலோவாட். டர்பைன் உண்மையில் உண்டாக்கியது 15,000 கிலோவாட்டுக்கும் மேலே. நாலில் மூன்று பங்கைக் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரே சாப்பிட்டுவிடும். மிச்சம்தான் ஊருக்கு. அதைச் சோதித்துச் சான்றிதழ் தர வந்தவர் யார் தெரியுமா? 80 வயது ஸ்டோடோலா. அவர் பாஸ் போட்ட அந்த மெஷின் 2002 வரை உயிரோடு இருந்தது.

வருமானத்தில் முக்கால்வாசி உள்செலவுக்கே போகிற வியாபாரத்தில் சின்ன ஏற்ற இறக்கமும் லாபத்தைப் பெரிதாக அடிக்கும். கேஸ் டர்பைனும் அப்படித்தான். வால்வு லேசாக ஆடினால் மெகாவாட் ஆடும், வெப்பம் ஆடும். சூடாகிச் சூடாகி ஆறுவதில் பிளேடுகளின் ஆயுள் கரையும்.

அப்படி ஆடும்போது என்ன செய்வார்கள்? நல்ல எஞ்சினியர் முதலில் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றிப் பார்ப்பார். வால்வை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு வேடிக்கை. அப்புறமும் ஆட்டம் நிற்கவில்லையா? வியாதி வெளியே. கேஸ் அழுத்தம் ஆடலாம், மின் தொகுப்பே ஆடலாம். நின்றுவிட்டதா? வியாதி உள்ளே. அங்கே சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒன்று, பிசினாகிப் போன வால்வு. உத்தரவு ஏறிக்கொண்டே போகும், வால்வு அசையாது, திடீரென்று தாவும். கிராஃபில் ரம்பப் பல் மாதிரி விழும். இன்னொன்று, ஆர்வக் கோளாறு பிடித்த கன்ட்ரோலர். அதன் கோடு வழவழப்பான அலை. இவர்கள் போக, வால்வு எங்கே நிற்கிறது என்று தகவல் சொல்லும் சென்ஸாரும் பொய் சொல்லலாம். தளர்ந்த ஒரு வயர் போதும்.

இதெல்லாம் பார்க்கப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர் கன்ட்ரோலரின் வேகத்தைக் குறைத்துவிடுவார். அலை அடங்கும், கோடு நேராகும், அதிகாரி சந்தோஷப்படுவார். ஆனால் மின் தொகுப்பு தடுமாறி, உண்மையிலேயே வால்வு திறக்க வேண்டிய விநாடியில் அந்த மெஷின் தூங்கிக்கொண்டிருக்கும்.

இதையேதான் தேச அளவில் செய்தோம்.

1990களில் நம் மின் தொகுப்புகளில் அலைவரிசை சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. தெற்கே மின்சாரம் பற்றாக்குறை. 50 இருக்க வேண்டிய இடத்தில் 48 பக்கம் இறங்கிவிடும். இப்படி அலைகிற அலைவரிசைக்குக் கவர்னர் பதில் சொல்ல ஆரம்பித்தால் நாள் முழுக்க வால்வு ஆடும். எனவே பல நிலையங்களில் கவர்னரைக் கட்டிப்போட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் செய்ததும் நியாயம். மொத்தமாகப் பார்த்தால், தேர் சரிகிறது, எல்லாரும் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

முதல் வைத்தியம் பணத்தால் நடந்தது. 2003 ஜனவரி 1 முதல் தென் மண்டலத்தில் புதிய கட்டண முறை. திட்டமிட்டதற்கு மேல் இழுக்கும் மின்சாரத்தின் விலையை அலைவரிசையோடு முடிச்சுப் போட்டார்கள். 50.5-க்குப் போனால் பூஜ்யம். 49-ஐ நோக்கி இறங்க இறங்க விலை ஏறும். பர்ஸைத் தொட்டதும் மாநிலங்களுக்கு ஒழுக்கம் வந்தது. எஞ்சினியரிங் விதியை விடக் கணக்குப் புத்தகம் வேகமாக வேலை செய்தது என்பதில் என்னைப் போன்ற பி.காம்.களுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் விலையைப் பார்த்து மனிதர்கள் முடிவெடுக்க நிமிஷங்கள் ஆகும். கவர்னர் விநாடிகளில் செய்யும். 2010-ல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் கவர்னரை நிபந்தனைகளோடு அவிழ்த்துவிட்டன. அதில் ஒன்று, 0.03-க்கு உட்பட்ட சின்னச் சின்ன அசைவைக் கவர்னர் கண்டுகொள்ளக் கூடாது. காரணம், ஹண்டிங் வந்துவிடக் கூடாதாம். ஏரியையும் மாக்ஸ்வெல்லையும் படுத்திய அதே ஆட்டம், இந்தியச் சட்டப் புத்தகத்தில்! கேஸ் டர்பைன்களுக்கு அப்போது விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொண்டன. சுமார் 62 கோடி பேர் வாழும் பகுதி. அதற்குக் கவர்னர் காரணமில்லை, மின் பாதைகளில் ஏறிய சுமைதான் ஆரம்பம். ஆனாலும் விசாரணைக் குழு கவர்னர்களைப் பற்றியும் பேசியது. நாம் தப்பித்ததற்குக் காரணம், தென் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் சேரவில்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் மோட்டாருக்கும் மகாராஜபுரம் மோட்டாருக்கும் ஒரே தாளம். 2017-ல் திருத்தம் வந்தது. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட கேஸ் டர்பைன்களும் முட்டுக்கட்டையைக் கையில் எடுக்க வேண்டும் என்றது.

அதற்குள் தேரே மாறிக்கொண்டிருந்தது. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. அங்கே சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது. டர்பைன் என்றால் டன் கணக்கில் இரும்பு சுழலும், அந்தக் கனமே முதல் சில விநாடிகள் அலைவரிசையைத் தாங்கிப் பிடிக்கும். சூரியப் பலகையில் அந்தக் கனம் இல்லை. அந்த வேலையைச் சாஃப்ட்வேர் எழுதித்தான் வாங்க வேண்டும். எழுதுகிறவர்கள் இன்றும் அதே இரண்டு கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்: எவ்வளவு பெரிய கட்டை, எந்த விநாடியில்?