கணுக்கால், பாத நரம்பு அழுத்தம்

காலுக்கு இறங்கும் நரம்பு, எலும்புக்கும் இறுக்கமான நார்ப்பட்டைக்கும் நடுவே அகப்பட்டு நசுங்குவதால் வரும் கோளாறு இது. பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, கரண்ட் பாய்வது போன்ற வலி என்று தொடங்கும். கவனிக்காமல் விட்டால் உணர்வே இல்லாமல் போகும். மேலைநாட்டுப் பாடநூல்களில் இது பெரும்பாலும் ஓட்டக்காரர்களுக்கும் இறுக்கமான ஷூ அணிபவர்களுக்கும் வரும் நோய். கோலார் தங்கவயலிலும் அதன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பூர்வீகமான பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியிலும் முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு: சர்க்கரை நோய், தொழுநோய்.

அழுந்தும் இடங்கள்

மிக முக்கியமான இடம் கணுக்காலின் உட்புறப் புடைப்பு எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு குறுகிய வழியில் மூன்று தசைநாண்களும் ரத்தக்குழாய்களும் டிபியல் நரம்பும் ஒன்றாகப் பாதத்துக்குள் நுழைகின்றன. மேலே நார்ப்பட்டை மூடியிருக்கிறது. இந்த வழிதான் டார்சல் டனல். இங்கு நரம்பு அழுந்துவதைக் கெக், லாம் என்ற இரு மருத்துவர்கள் 1962இல் தனித்தனியே விவரித்தார்கள். உள்ளங்கால் முழுவதற்கும் உணர்வு தருவது இந்த நரம்பின் கிளைகளே. நெடுநேரம் நின்றாலோ நடந்தாலோ எரிச்சல் கூடும். பலருக்கு இரவில் தூக்கம் கெடும். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறி, பெங்களூரில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துத் திரும்புகிறவருக்கு இந்த வலி சாயங்காலத்தில்தான் உச்சத்துக்குப் போகும்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், பெரோனியல் நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. நெடுநேரம் குந்தியிருந்து களையெடுத்தாலும், மாவுக்கட்டு இறுக்கினாலும் அது நசுங்கும். அப்போது பாதத்தை மேலே தூக்க முடியாது. நடக்கும்போது விரல் நுனி தரையில் இடறும். 3ஆம், 4ஆம் விரல்களுக்கு நடுவே நரம்பு தடித்து வலிப்பது மார்ட்டன் நியூரோமா. அமெரிக்க மருத்துவர் தாமஸ் மார்ட்டன் 1876இல் எழுதியது. கூரான ஷூவால் வலி கூடும், கழற்றினால் குறையும். குதிகால் வலி என்று மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்தும் தீராத சிலருக்கு, குதிகாலுக்கு அடியில் செல்லும் ஒரு சிறு கிளை நரம்பு அழுந்தியிருக்கும்.

தொழுநோயின் பங்கு

மற்ற காரணங்களில் வழி குறுகி நரம்பை நெரிக்கிறது. தொழுநோயில் நரம்பே வீங்குகிறது, வழி அப்படியே இருக்கிறது. முடிவு ஒன்றுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் (கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர்) செங்கல்பட்டில் ஒரு தொழுநோயாளியின் உடலைப் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்தபோது, நரம்புகள் எங்கும் ஒரே மாதிரி தடித்திருக்கவில்லை என்பதைக் கண்டார். கணுக்காலுக்குப் பின்னால், முழங்காலை ஒட்டி, முழங்கைக்கு மேல் என்று தோலை ஒட்டி ஓடும் இடங்களில் மட்டும் அவை வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் செழிப்பது என்பதோடு இது பொருந்தியது. எந்த நரம்பு எந்த இடத்தில் கெடும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்ததால், கெடாத தசை எது என்பதும் தெரிந்தது. மறுசீரமைப்பு அறுவை சிகிச்சைக்கு அந்த அறிவே அடித்தளம்.

டிபியல் நரம்பு போனால் உள்ளங்கால் மரத்துவிடும். வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கும், விரல்கள் மடங்கும். முள் ஏறினாலும் தெரியாது என்பதால் புண் விழும். 2005 டிசம்பரில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து தொழுநோய் ஒழிந்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆனால் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். இளம் மருத்துவர் பலர் இந்த நோயை நேரில் பார்த்ததில்லை. பாத எரிச்சலை ‘சர்க்கரையாக இருக்கும்’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பது அதனால் இன்னும் ஆபத்தாகியிருக்கிறது.

கண்டறிதல்

முதல் கருவி கேள்விதான். ‘நடக்கும்போது செருப்பு கழன்று போனால் தெரிகிறதா?’ என்று கேட்டால் போதும். தெரியாது என்பவருக்கு உணர்வு ஏற்கெனவே குறைந்திருக்கிறது. இரண்டு பாதமும் விரல் நுனியிலிருந்து சமமாக மரத்துக்கொண்டு வந்தால் சர்க்கரை, பி12 குறைபாடு, மது ஆகியவற்றைத் தேட வேண்டும். ஒரு காலில் மட்டும், அதுவும் ஒரு நரம்பின் எல்லைக்குள் மட்டும் என்றால் அழுத்தத்தை நினைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இடுப்பில் முதுகெலும்பு நரம்பு அழுந்தினாலும் வலி பாதம்வரை இறங்கும் என்பதால் முதுகையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்து, உட்கணுக்காலுக்குப் பின்னால் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளங்காலில் சுருக்கென்று பாய்ந்தால் அது டினெல் அறிகுறி, 1915இல் விவரிக்கப்பட்டது. பாதத்தை மேல்நோக்கி வளைத்து வெளிப்பக்கம் திருப்பிச் சற்று நேரம் பிடித்தாலும் எரிச்சல் கிளம்பும். நோயாளியின் கண்ணை மூடச்சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் பல இடங்களில் வைத்து உணர்வைச் சோதிப்பார்கள். கை, கால் நரம்புகளைத் தடவித் தடிப்பு இருக்கிறதா என்றும், உடலில் உணர்வற்ற வெளிறிய தேமல் உண்டா என்றும் பார்க்காமல் இந்தச் சோதனை முழுமை பெறாது. இதற்குச் செலவே இல்லை. நரம்புக் கடத்தல் சோதனை, அல்ட்ராசவுண்ட், கட்டி இருக்கிறதா என்று அறிய எம்.ஆர்.ஐ. ஆகியவை பிறகு. டார்சல் டனலில் கடத்தல் சோதனை இயல்பாக வந்தாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சிகிச்சை

பெரும்பாலோருக்குக் கத்தி வேண்டாம். காலணியை மாற்றுவது, பாதம் உட்பக்கம் சரிபவருக்கு உள்ளட்டை, சில வாரங்கள் ஓய்வு, நரம்பு வலி மாத்திரை, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி என்று போகும். நீர்க்கட்டியோ புடைத்த ரத்தக்குழாயோ அழுத்தினால் அறுவை நல்ல பலன் தரும். காரணம் தெரியாதவர்களிடம் பலன் நிச்சயமில்லை. சர்க்கரையால் இரு கால்களும் மரத்தவர்களுக்கு நரம்பைத் திறந்துவிடும் அறுவை செய்வது பற்றி மருத்துவர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.

தொழுநோயில் காலமே முக்கியம். உணர்வு குறைந்து 6 மாதத்துக்குள் வந்தவருக்கு, கூட்டு மருந்துச் சிகிச்சையோடு பிரெட்னிசலோன் தந்து நரம்பை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. வழக்கமாக நாளுக்குச் சுமார் 40 மில்லிகிராமில் தொடங்கி, சில மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தானாக நிறுத்திவிடக் கூடாது. கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்.

பாதம் தொங்கிவிட்டால், டிபியல் நரம்பு இயக்கும் ஒரு வலுவான தசையின் நாணைக் காலின் முன்பக்கம் கொண்டுவந்து இணைக்கிறார்கள். பயிற்சிக்குப் பின் பாதம் மேலே எழும். உணர்வற்ற பாதத்தில் விழும் புண்ணுக்கு, நடக்கும்போது எடை பாதம் முழுவதும் பரவும்படி மாவுக்கட்டு போடும் முறையை 1930களில் இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் கையாண்டார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட் அதை அங்கே பரப்பினார்; இன்று சர்க்கரையால் உள்ளங்காலில் விழும் புண்ணுக்கும் அதே கட்டைப் போடுகிறார்கள். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனையில் மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. உணர்வு குறைந்த எவரும், சர்க்கரைக்காரரும், வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். பின்வார் இருக்க வேண்டும், ஆணி அடித்ததாக இருக்கக் கூடாது. மெத்தென்ற ரப்பர் தட்டையாகிவிட்டதும் மாற்றிவிட வேண்டும்.