தன் சாயல் தேடாத தயாரிப்பாளர்

கே. பாலசந்தர் என்றால் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழுவது இயக்குநர் பாலசந்தர்தான். 'அவள் ஒரு தொடர்கதை' கவிதா, 'அபூர்வ ராகங்கள்' பைரவி, 'சிந்து பைரவி' ஜே.கே.பி. என்று அவர் படைத்த மாந்தர்களை உறவுக்காரர்களைப் போலப் பெயர் சொல்லிப் பேசுகிறோம். கமல்ஹாசனையும் ரஜினிகாந்தையும் வளர்த்தெடுத்த குரு என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இத்தனை பேச்சுக்கும் நடுவே அவருடைய இன்னொரு பணி உரிய கவனம் பெறாமலே நின்றுவிட்டது. நாடகக் குழு நடத்தியவர், படநிறுவனம் தொடங்கியவர், தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரித்தவர் என மூன்று துறைகளிலும் பிறர் உழைப்புக்குப் பொறுப்பேற்று நின்றவர் அவர்.

அந்தப் பொறுப்பை அவர் நிறைவேற்றிய விதத்தில் ஒரு பண்பு தனித்துத் தெரிகிறது. இயக்குநர் பாலசந்தரின் முத்திரையை எந்தக் காட்சியிலும் கண்டுகொள்ளலாம். தயாரிப்பாளர் பாலசந்தரோ தன் முத்திரை துளியும் இல்லாத படைப்புகளுக்கும் தோள்கொடுத்தார். தன் பாணிக்கு முற்றிலும் வேறான படங்களும் தொடர்களும் அவருடைய நிறுவனங்களின் பெயரால் வெளிவந்தன. வலுவான பாணி கொண்ட கலைஞரிடம் அரிதாகவே காணக் கிடைக்கும் குணம் இது. அது எங்கே வேர்விட்டது, எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சபா மேடை தந்த பாடம்

1930 ஜூலை 9 அன்று நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர் பாலசந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, முத்துப்பேட்டையில் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, 1950இல் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் (ஏ.ஜி.) அலுவலகத்தில் சேர்ந்தார். பகலில் அரசாங்கக் கணக்கு, மாலையில் நாடக ஒத்திகை என்ற வாழ்க்கை அங்கிருந்து தொடங்கியது. பின்னர் அவர் அமைத்த குழுதான் 'ராகினி ரிக்ரியேஷன்ஸ்'.

அன்றைய நாடக உலகின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ளாமல் பாலசந்தரைப் புரிந்துகொள்ள முடியாது. முந்தைய தலைமுறையின் நாடகம் நவாப் ராஜமாணிக்கம், டி.கே.எஸ். சகோதரர்கள் போன்றோரின் தொழில்முறைக் கம்பெனிகளிடம் இருந்தது. நடிகர்களைத் தங்கவைத்துச் சோறுபோட்டு, ஊர் ஊராகக் கொட்டகை கட்டி, காட்சி ஜோடனைகளைச் சுமந்து சென்ற பெரிய அமைப்புகள் அவை. சபா நாடகம் வேறு வகை. சபா தன் உறுப்பினர்களுக்காக மாதந்தோறும் நிகழ்ச்சி வைக்கும். நாடகக் குழுவுக்குக் காட்சிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசப்படும். அரங்க அமைப்பு, ஒலி, ஒளி, மேக்கப், வண்டி வாடகை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். நடிப்பவர்கள் பெரும்பாலும் அலுவலகம் முடிந்து ஒத்திகைக்கு ஓடிவருகிறவர்கள்.

பாலசந்தரின் நாடகங்கள் இந்தக் கணக்குக்குள்தான் பிறந்தன. 'நீர்க்குமிழி'க்கு ஓர் ஆஸ்பத்திரி வார்டு போதும். 'மேஜர் சந்திரகாந்த்'துக்குப் பார்வையிழந்த ஒரு ராணுவ அதிகாரியின் வீடு போதும். தங்கையைக் கைவிட்டவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்த ஒருவன் அந்த வீட்டில் அடைக்கலம் கேட்கிறான். இறந்தவன் அந்த அதிகாரியின் மகன். அரங்கம் மாறாமலே நெஞ்சைப் பிசையும் நாடகம் அங்கே உருவாகிவிடுகிறது. செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தை அவர் கதையின் இறுக்கமாக மாற்றிக்கொண்டார். வெளியே போக வழியில்லாத ஓர் அறைக்குள் மனிதர்களை நிறுத்திப் பேசவைக்கும் அவருடைய திரைப்பாணிக்கும் மூலம் இதுவே.

சபா மேடை கற்றுக்கொடுத்த இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. கையில் இருக்கும் ஆளை அறிந்து அவருக்கேற்ற வாய்ப்பை உண்டாக்குவது. 'சர்வர் சுந்தரம்' நாகேஷை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நாடகம். சிரிக்கவைப்பவர் என்று மட்டுமே அறியப்பட்ட கலைஞர் ஒரு முழு நாடகத்தின் துயரத்தையும் சுமக்க முடியும் என்று அது காட்டியது. சுந்தர்ராஜன் 'மேஜர் சந்திரகாந்த்'தில் தாம் ஏற்ற வேடத்தால் ஆயுள் முழுதும் 'மேஜர்' சுந்தர்ராஜன் ஆனார். நாடகங்களுக்கு இசையமைத்த வி. குமார், 1965இல் பாலசந்தரின் முதல் படமான 'நீர்க்குமிழி'யிலேயே திரை இசையமைப்பாளரும் ஆனார். தான் சினிமாவுக்குள் நுழைந்தபோது தன் மேடைக் கூட்டாளிகளையும் கையோடு அழைத்துச் சென்றவர் அவர்.

அந்த நாடகங்கள் பிறர் கைக்குச் சென்றபோதும் சிறந்தன. 'சர்வர் சுந்தரம்' 1964இல் ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில் படமானது. 'மேஜர் சந்திரகாந்த்' 1965இல் 'ஊஞ்சே லோக்' என்ற இந்திப் படமாக வந்தது. தன் எழுத்தை இன்னொருவர் தம் பார்வையில் எடுப்பதைத் தொடக்க ஆண்டுகளிலேயே அவர் கண்டுவிட்டார்.

பிறர் எழுத்தும் பிறர் இயக்கமும்

எதிர்த்திசையிலும் இது நடந்தது. 1969இல் வெளிவந்து தேசிய விருது பெற்ற 'இரு கோடுகள்' ஜோசப் ஆனந்தனின் நாடகம். 1981இல் வந்த 'தண்ணீர் தண்ணீர்' கோமல் சுவாமிநாதனின் நாடகம். சொந்தமாக நாடகம் எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், சக நாடகாசிரியர்களின் படைப்பைத் தேடி எடுத்து, அதற்குத் தன் உழைப்பு முழுவதையும் கொடுத்தார். இந்த இரு படங்களும் கலாகேந்திரா நிறுவனத்தின் தயாரிப்புகள். 'எதிர்நீச்ச'லும் 'அபூர்வ ராகங்க'ளும் அங்கே உருவானவையே. தயாரிப்பின் நெளிவுசுளிவுகளை அவர் அருகிருந்து அறிந்த இடம் அது.

1981இல் அவருடைய சொந்த நிறுவனமான கவிதாலயா பிறந்தது. திரையில் திருவள்ளுவர் உருவம் தோன்ற, முதற்குறள் ஒலிக்கும் அந்தத் தொடக்கச் சின்னம் இன்றும் பலர் செவியில் இருக்கும். கவிதாலயாவின் முதல் படம் எது? இயக்குநர் பாலசந்தர் புகழின் உச்சியில் இருந்த ஆண்டு அது. 'தண்ணீர் தண்ணீர்', 'தில்லு முல்லு', இந்தியில் 'ஏக் தூஜே கே லியே' எல்லாம் அந்த ஓராண்டுக்குள் வந்தவை. ஆயினும் தன் நிறுவனத்தின் முதல் படமான 'நெற்றிக்கண்'ணை இயக்கும் பொறுப்பை அவர் எஸ்.பி. முத்துராமனிடம் ஒப்படைத்தார். எழுத்தில் கைகொடுத்தவர் மேடையிலிருந்து வந்த விசு. தொடர்ந்து 'புதுக்கவிதை', 'ஸ்ரீ ராகவேந்திரர்', 'வேலைக்காரன்' ஆகியவையும் முத்துராமன் இயக்கத்தில் கவிதாலயாவிலிருந்து வந்தன. 'பூவிலங்கு' மூலம் இயக்குநர் அமீர்ஜானுக்கும், தமிழில் நாயகனாக அறிமுகமான முரளிக்கும் வாசல் திறந்தது.

இவற்றுள் 'ஸ்ரீ ராகவேந்திரர்' தனியே பேசத்தக்கது. 1985இல் வந்த, ரஜினிகாந்தின் 100ஆவது படம் அது. அப்போது எந்தத் தயாரிப்பாளரும் அவரை வைத்துச் சண்டைக்காட்சிகள் நிறைந்த படத்தையே எடுக்க நினைத்திருப்பார். விநியோகஸ்தர்கள் கேட்பதும் அதையே. கவிதாலயாவோ அந்த நடிகரின் மனத்துக்கு நெருக்கமான மகானின் வரலாற்றை எடுத்தது. நடிகரின் சந்தை மதிப்பைத் தாண்டி அவருடைய விருப்பத்துக்கும் மதிப்புக் கொடுத்த முடிவு அது.

அதே 1985இல்தான் 'சிந்து பைரவி'யும் வந்தது. கர்நாடக சங்கீத வித்துவான் ஒருவரின் வீழ்ச்சியைச் சொல்லும் படம். கச்சேரி நடுவே ஓர் இளம்பெண் எழுந்து, எல்லோருக்கும் புரியும்படி தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறாள். நீயே பாடிக்காட்டு என்கிறார் வித்துவான். அவள் ஒரு கிராமத்துப் பாட்டை எடுக்கிறாள். அரங்கம் மெல்ல மெல்ல அவள் பக்கம் சாய்கிறது. தமிழிசை பற்றி மேடைகளில் பல்லாண்டு நடந்த வாதத்தைச் சில நிமிடங்களில் சாதாரண ரசிகரின் இதயத்தில் இறக்கிவிட்ட காட்சி இது. சுஹாசினி, இளையராஜா, சித்ரா மூவருக்கும் இப்படம் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தது. இப்படிப்பட்ட கதைக்குச் சொந்த நிறுவனத்தின் பணத்தைப் போடத் துணிவு வேண்டும். பெரிய நட்சத்திரப் படங்களையும் தயாரித்தபடியே இத்தகைய முயற்சிகளுக்கும் கவிதாலயா இடம் வைத்திருந்தது.

1992: ஒரு நிறுவனம், மூன்று உலகங்கள்

பாலசந்தரின் தயாரிப்புப் பார்வையை ஓர் ஆண்டில் காண வேண்டுமென்றால் 1992ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு கவிதாலயாவிலிருந்து 'வானமே எல்லை', 'அண்ணாமலை', 'ரோஜா' ஆகிய மூன்றும் வந்தன.

'வானமே எல்லை' அவரே இயக்கியது. வாழ்வில் நம்பிக்கையிழந்து உயிரை விட முடிவு செய்யும் இளைஞர்களின் கதை. பேச்சும் வாதமும் பாத்திரங்களின் மோதலும் நிறைந்த, அவருக்கே உரிய படம்.

ஜூன் 27 அன்று 'அண்ணாமலை' வெளியானது. படப்பிடிப்புத் தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில் இயக்குநர் மாற வேண்டியிருந்தது. பூஜை, கால்ஷீட், விநியோகஸ்தர்களுக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் ஒரு தயாரிப்பாளரைச் சுற்றி நெருக்கும் நேரம் அது. தன்னிடம் உதவியாளராக இருந்து வளர்ந்த சுரேஷ் கிருஷ்ணாவை நம்பி அவர் படத்தைக் கொடுத்தார். பால்காரர் அண்ணாமலையின் வெற்றி ஊரறிந்தது. தேவாவின் இசையோடு சூப்பர் ஸ்டார் என்ற பட்டம் எழுத்தெழுத்தாகத் திரையில் ஒளிரும் வழக்கமும் இந்தப் படத்தில்தான் தொடங்கியது. பாத்திரத்தைவிட நாயகன் பெரிதாகத் தெரியும் இந்த அழகியலும் பாலசந்தர் இயக்கிய படங்களின் அழகியலும் வெவ்வேறு துருவங்கள். ஆனாலும் அது அவர் நிறுவனத்தில் மலர்ந்தது.

ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' வந்தது. இயக்கம் மணிரத்னம். பேச்சைச் சுருக்கி ஒளியாலும் ஒலியாலும் கதை சொல்லும் படம். பாலசந்தர் வளர்த்த வசன மரபுக்கு நேரெதிரானது. ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். இசை, அதுவரை விளம்பரப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த 25 வயது ஏ.ஆர். ரஹ்மான். தமிழ்நாடே இளையராஜாவின் இசையில் திளைத்திருந்த நாளில், பெயர் தெரியாத இளைஞரின் இசையை நம்பிப் பணம் போடுவது தயாரிப்பாளரின் துணிவே. தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம், இசை, பாடல் என 'ரோஜா' தேசிய விருதுகளை வென்றது. இந்தியத் திரையிசை அதற்குப் பிறகு வேறு திசையில் நடந்தது.

இந்த மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், தொடக்கச் சின்னத்தை மறைத்துவிட்டால், மூன்றும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்ல மாட்டார். தன் ரசனையை உலகத்தின் எல்லையாக அவர் கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பின்னாளில் கே.எஸ். ரவிகுமார் இயக்கிய 'முத்து' 1998இல் ஜப்பானில் திரையிடப்பட்டுப் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2003இல் ஹரியின் 'சாமி'யும் கவிதாலயாவிலிருந்தே வந்தது.

சின்னத்திரையைச் சிறிதாக எண்ணாதவர்

சினிமாவில் பெயர் பெற்றவர்கள் தொலைக்காட்சியை ஓய்வுக்கால வேலையாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனுக்காக 'ரயில் சினேகம்' எடுத்தபோது பாலசந்தர் தொழிலின் உச்சியில் இருந்தார். தனியார் அலைவரிசைகள் வந்தபின் 'கையளவு மனசு', 'பிரேமி' எனத் தொடர்கள் வளர்ந்தன. சபா நாடகம் பார்த்துப் பழகிய நடுத்தரக் குடும்பம் இப்போது தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தது. குறைந்த இடம், குறைந்த செலவு, வலுவான பாத்திரம் என்ற அவருடைய பழைய கணக்கு அங்கே மீண்டும் பயன்பட்டது.

அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனத்தின் நிர்வாகத்தை மகன் பாலகைலாசம் கவனித்தார். அவர் ஆவணப்படத் துறையில் தேர்ந்தவர். அந்நிறுவனத்தின் தனிப்பெரும் சாதனை 'மர்மதேசம்'. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன். அதில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' கதையில் இரவின் நடுவே குதிரைக் குளம்படி கேட்கும்; ஊரில் குற்றம் செய்தவன் வீட்டுக் கதவு தாழிடப்படும்; கருப்புசாமியே தண்டிக்க வருகிறார் என்று ஊர் நடுங்கும். நம்பிக்கையும் மனநோய் மருத்துவமும் எதிரெதிரே நின்று, முடிவு வரை பார்வையாளரை எந்தப் பக்கமும் சாயவிடாமல் இழுத்துச் சென்ற தொடர் அது. கிராமத்து நிலமும் வெயிலும் இருளும் திரைப்படத்துக்குரிய அக்கறையோடு படமாக்கப்பட்டன. கூடத்துப் பேச்சையே தன் பலமாகக் கொண்ட பாலசந்தரின் நிறுவனம்தான் கூடத்தை விட்டே வெளியேறிய இந்தத் தொடரையும் தயாரித்தது. அதே நாகாவின் 'ரமணி வெர்சஸ் ரமணி' கணவன் மனைவி நகைச்சுவையாக வேறொரு சுவை தந்தது. 2003இல் 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியாகச் 'சஹானா'வைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்தார் பாலசந்தர். எந்தத் துறையையும் மேலென்றும் கீழென்றும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. முதுமையிலும் 'பௌர்ணமி' என்ற நாடகத்தோடு மேடைக்குத் திரும்பினார்.

நாம் செய்ய வேண்டியது

2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2014 டிசம்பர் 23 அன்று அவர் மறைந்தார். அஞ்சலிகளில் இயக்குநருக்குரிய புகழ் குறைவின்றிக் கிடைத்தது. தயாரிப்பாளருக்குரிய கடன் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

ஒரு தயாரிப்பாளரின் வரலாறு படச்சுருளில் மட்டும் பதிவாவதில்லை. சபா நிகழ்ச்சி நிரல், ஒத்திகைப் பிரதி, கால்ஷீட் ஏடு, சம்பளக் கணக்கு, விநியோக ஒப்பந்தம், தொடரின் வாராந்திரப் படப்பிடிப்புத் திட்டம் ஆகியவற்றில்தான் அது உயிர்ப்போடு இருக்கிறது. ராகினி ரிக்ரியேஷன்ஸ், கலாகேந்திரா, கவிதாலயா, மின்பிம்பங்கள் ஆகியவற்றோடு தொடர்புள்ள இத்தகைய ஆவணங்களை வைத்திருப்போர் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். அந்தக் குழுக்களில் பணியாற்றிய மேடைப் பொறுப்பாளர், தயாரிப்பு நிர்வாகி, உதவி இயக்குநர் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்ய வேண்டும். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரைக்கதையையும் பாத்திரங்களையும் ஆராயும் அதே கவனத்தோடு இந்தக் கணக்கேடுகளையும் ஆராய வேண்டும்.

அந்த ஆய்வு இன்றைய தயாரிப்பாளர்களுக்கும் பயன்படும். ஓடிய படத்தைப் போலவே இன்னொரு படம் கேட்கும் காலத்தில் வாழ்கிறோம். கையில் பணமும் தனக்கென்று தீர்மானமான ரசனையும் இருந்த ஒருவர், தன்னைப் போலச் சிந்திக்காத முத்துராமனுக்கும் மணிரத்னத்துக்கும் நாகாவுக்கும் அவரவர் வழியில் போக இடம் விட்டார். அவர் அந்தத் துணிவைக் காட்டியிராவிட்டால் தமிழ்ப் பார்வையாளருக்குக் கிடைக்காமல் போயிருக்கக்கூடிய படைப்புகளின் பட்டியலை எழுதிப் பார்த்தால் போதும். தயாரிப்பாளர் பாலசந்தரின் இடம் எவ்வளவு பெரிதென்று தானே விளங்கும்.