கறுப்பு ஜூலை: ஒளிந்து உயிர் பிழைத்தவர்களின் கதையை குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரைத் தாண்டி ஓடும் மின்சார ரயில் போய் நிற்கும் இடம் கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. புழலிலும் ஒன்று உண்டு. "அவங்க ஏன் இங்க வந்தாங்க?" என்று வடசென்னைப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? அதற்கு 1983 ஜூலைக்குப் போக வேண்டும்.

அப்படி என்ன நடந்தது?

1983 ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 ராணுவ வீரர்கள் இறந்தனர். மறுநாள் இரவு கொழும்பு பொரளையில் வன்முறை வெடித்து நகரம் முழுக்கப் பரவியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடித் தேடி எரித்தனர். வெலிக்கடை சிறையில் மட்டும் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மொத்த உயிரிழப்பு அரசுக் கணக்கில் 400க்குள். தமிழர் தரப்பு 3,000 வரை சொல்கிறது.

எங்கே ஒளிந்தார்கள்?

பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான். சிங்களர், முஸ்லிம், பறங்கியர் குடும்பங்கள் பல, தமிழ் அண்டை வீட்டாரை உள்ளே வைத்துப் பூட்டி, வாசலில் வந்த கும்பலிடம் "இங்க யாரும் இல்லை" என்று சொல்லி அனுப்பின. தெருவில் மாட்டியவர்களுக்கு வேறு சோதனை. வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்பு பிசகினால் தமிழர் என்று முடிவு. பெண்கள் பொட்டை அழித்துக்கொண்டார்கள். தப்பியவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, ரத்மலானை விமான நிலையம் போன்ற இடங்களில் தஞ்சமடைந்து, பலர் அங்கிருந்து கப்பலில் வடக்கே போனார்கள்.

ஆன் ஃபிராங்க் கதையோடு என்ன தொடர்பு?

ஹிட்லரின் நாஜி ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். ஆம்ஸ்டர்டாமில் புத்தக அலமாரிக்குப் பின்னால் இருந்த அறைகளில் 13 வயது ஆன் உட்பட 8 பேர் ஒளிந்திருந்தனர். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல். மீப் கீஸ் உள்ளிட்ட அலுவலக ஊழியர்கள் ரகசியமாக உணவு கொண்டுபோனார்கள். கடைசியில் பிடிபட்டனர், ஆனின் அப்பா ஓட்டோ மட்டுமே உயிரோடு திரும்பினார்.

இரண்டும் ஒரே அளவிலான நிகழ்வு அல்ல. எது பெரிய துயரம் என்று தராசில் நிறுத்தவும் வேண்டாம். ஆனால் இரண்டிலும் ஒரு கேள்வி பொது: கதவைத் தட்டியபோது திறந்தவர் யார்? குழந்தைக்குப் புரிகிற இடமும் அதுதான்.

எந்த வயதில், எப்படிச் சொல்லலாம்?

* விரிவான வரலாற்றை 11, 12 வயதுக்குப் பிறகு தொடங்குவது நல்லது. அமெரிக்க ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான் பரிந்துரைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு, "ஆபத்து வந்தப்போ பக்கத்து வீட்டுக்காரங்க காப்பாத்தினாங்க" என்பது போதும்.
* எண்ணிக்கையில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு குடும்பம், ஒரு வீடு, ஒரு இரவு என்று தொடங்குங்கள்.
* பிணங்கள், எரியும் உடல்கள் உள்ள படங்களைக் காட்ட வேண்டாம். பயம்தான் மிஞ்சும், பாடம் நிற்காது.
* மேஜைக்கு அடியில் ஒளியச் சொல்லி 'நடித்துக் காட்டும்' பயிற்சி வேண்டாம். அந்த அருங்காட்சியகமும் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. உண்மையான பயம் விளையாட்டாகிவிடும்.
* "சிங்களவங்கதான் கெட்டவங்க" என்று முடிக்காதீர்கள். கொளுத்தியவர்களிலும் சிங்களர் இருந்தார்கள், மறைத்து வைத்தவர்களிலும் சிங்களர் இருந்தார்கள். எல்லோரும் காப்பாற்றினார்கள் என்பதும் பொய். பலருக்குக் கதவு திறக்கவில்லை.

வகுப்பில் முகாம் பிள்ளை இருந்தால்?

இங்கேதான் கவனம் தேவை. "நீ சொல்லுப்பா, உங்க வீட்ல என்ன நடந்தது?" என்று எல்லார் முன்னாலும் கேட்கவே கூடாது. அந்தப் பிள்ளை பிறந்ததே தமிழ்நாட்டில் இருக்கலாம். குடும்பம் கொழும்பைப் பார்த்தேகூட இருக்காது. மன்னார், திருகோணமலை பக்கத்திலிருந்து 1990லோ 2006லோ படகில் வந்திருக்கலாம். சாட்சி சொல்வது அவர்கள் வேலை இல்லை. தானாகப் பேச வந்தால் கேளுங்கள். பாடத்துக்கு முன்பே பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் இருக்கிறது. அதை நடத்தும்போதே கறுப்பு ஜூலையையும் சேர்த்துப் பேசலாம். முடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நம்ம தெருவுல அப்படி ஒரு ராத்திரி வந்தா, நாம யார் வீட்டுக் கதவைத் தட்டுவோம்? நம்ம கதவைத் தட்டினா திறப்போமா?" பதிலை உடனே வாங்க வேண்டாம். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய் யோசிக்கட்டும்.