கிருமியழிக்கும் புற ஊதா விளக்கு: 'வாட்' அதிகமா இருந்தா போதுமா?

புற ஊதாக் கிருமியழிப்பு விளக்கு வாங்கப் போனால் பெட்டியில் முதலில் கண்ணில் படுவது '15 வாட்', '30 வாட்' போன்ற எண்கள்தான்.

எண் பெரிசா இருந்தா கிருமி சீக்கிரம் சாகும் என்று நினைப்பவர்கள் பலர்.

அது முழு உண்மை அல்ல.

இங்கு இணையத்தில் விற்கப்படும் இத்தகைய விளக்குகளில் பல சீனாவில் தயாரிக்கப்பட்டவை. அந்நாட்டின் தேசியத் தரநிலைகள் கடந்த 20 ஆண்டுகளில் சில முறை திருத்தப்பட்டுள்ளன. அவற்றைப் புரிந்துகொண்டால் பெட்டியில் உள்ள எண்ணின் பொருளும் புரியும்.

'வாட்' எதைக் காட்டுகிறது?

விளக்கு எவ்வளவு மின்சாரத்தை இழுக்கிறது என்பதை. எவ்வளவு கதிர் வெளியே வருகிறது என்பதை அல்ல.

நல்ல தரமான 30 வாட் பாதரசக் குழல்விளக்கு கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் அலைநீளக் கதிராகச் சுமார் 12 வாட்டைத் தருகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடும்.

தரம் குறைந்த குழலும் அதே 30 வாட் மின்சாரத்தை இழுக்கலாம். ஆனால் கதிர் குறைவாகவே வரும்.

எல்இடி வகை விளக்குகளில் வித்தியாசம் இன்னும் அதிகம். மின்சாரத்தை இந்தக் கதிராக மாற்றும் திறன் பாதரச விளக்கைவிட அவற்றுக்குக் குறைவு. அதனால் இரண்டின் வாட் எண்களையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

தரநிலைகளில் என்ன இருக்கிறது?

கிருமியழிப்பு விளக்குகளுக்கான சீனத் தரநிலை ஜிபி 19258. அது 2003இல் வந்தது. 2012இல் திருத்தப்பட்டது.

விளக்கைக் கொண்டு செய்யப்படும் கருவிகளுக்குத் தனித் தரநிலை உண்டு: ஜிபி 28235. அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு காற்றைச் சுத்தம் செய்யும் கருவிகளை மட்டுமே உள்ளடக்கியது. 2020 நவம்பர் 1இல் நடப்புக்கு வந்த புதிய பதிப்பு தண்ணீர், பொருள்களின் மேற்பரப்பு ஆகியவற்றுக்கான கருவிகளையும் சேர்த்துக்கொண்டது.

சீனாவில் பின்பற்றப்படும் முக்கிய அளவுகள்:

- புதிய 30 வாட் குழல்: 1 மீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 90 மைக்ரோவாட் கதிர்
- பயன்பாட்டில் உள்ள குழல்: குறைந்தது 70 மைக்ரோவாட். அதற்குக் கீழே போனால் மாற்றவேண்டும்
- கருவியிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் கதிர்க் கசிவு: 5 மைக்ரோவாட்டுக்கு மேல் கூடாது
- விளக்கின் பயனுள்ள ஆயுள்: குறைந்தது 1,000 மணி நேரம்

அப்போ வாட் கணக்கே தேவையில்லையா?

தேவைதான். எத்தனை விளக்கு வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள்.

சீன மருத்துவமனைகளுக்கான வழிகாட்டியின்படி அறையின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் குறைந்தது 1.5 வாட் வேண்டும். குறைந்தது 30 நிமிடம் எரியவிட வேண்டும்.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 60 கன மீட்டர். 90 வாட் தேவை. அதாவது மூன்று 30 வாட் குழல்கள்.

ஆனால் ஒவ்வொரு குழலும் அந்த 70 மைக்ரோவாட்டையாவது தரவேண்டும். கதிர் பாதியாகக் குறைந்த பழைய குழலும் நீலமாக ஒளிரும். மின்சாரமும் இழுக்கும். பார்த்தா வேலை செய்வதுபோலத்தான் இருக்கும். கிருமி மட்டும் சாகாது.

அதனால்தான் மருத்துவமனைகளில் கதிரை அளவிடும் கருவியைக் கொண்டு சோதிக்கிறார்கள்.

நம் பருவநிலையில் எப்படி?

காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் விளக்கைக் கூடுதல் நேரம் எரியவிட வேண்டும் என்கிறது அதே வழிகாட்டி.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிரூட்டி ஓடாத அறையில் '30 நிமிடம் போதும்' என்ற வாசகத்தை அப்படியே நம்பிவிட முடியாது.

மனிதருக்கு எவ்வளவு ஆபத்து?

254 நானோமீட்டர் கதிர் ஒரு நாளில் ஒருவர்மீது படக்கூடிய உச்ச அளவைச் சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல் என வரையறுத்துள்ளது அனைத்துலக அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்.

90 மைக்ரோவாட் தரும் குழலிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் நின்றால் அந்த அளவை எட்டச் சுமார் 67 விநாடிதான் ஆகும்.

அதற்கு மேல் போனால் கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல், தோலில் வெயிற்கொப்புளம் போன்ற சிவப்பு வரலாம். அப்போதே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும்.

சீனாவின் பாலர்பள்ளிக் கட்டட விதிமுறைகள் இந்த விளக்கின் கட்டுப்பாட்டுப் பொத்தான் தனியாக இருக்கவேண்டும், தவறுதலாகப் போட்டுவிடாதபடி தடுப்பும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

- வாட்டோடு, 1 மீட்டர் தூரத்தில் எத்தனை மைக்ரோவாட் கதிர் என்ற விவரமும் உள்ளதா?
- அலைநீளம் குறிப்பிடப்பட்டுள்ளதா? வெறும் நீல வெளிச்சம் கிருமியழிப்பு விளக்கு ஆகிவிடாது.
- ஆள் நடமாட்டம் தெரிந்தாலோ மூடி திறந்தாலோ தானாக அணையுமா?
- எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு குழலை மாற்றவேண்டும்?

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. தூசு கதிரை மறைக்கும். வாரம் ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறவிட்டு, 70 முதல் 80 விழுக்காட்டு எத்தனாலில் நனைத்த பஞ்சால் குழலைத் துடைப்பது நல்லது.

விளக்கு எரியும்போது அறையில் பிள்ளைகள், பெரியவர்கள், செல்லப்பிராணிகள் யாரும் இருக்கக்கூடாது.