துக்க நாளில் ஒரு விருந்து

சென்ற வாரம் பார் கோக்பாவின் பெத்தார் கோட்டையை ரோமப் படை சுற்றி வளைத்ததோடு நிறுத்தியிருந்தோம். கோட்டை விழுந்த கதைக்குள் நுழையுமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கி.மு. 586இல் பாபிலோனியரும் கி.பி. 70இல் டைட்டஸும் ஜெருசலேம் ஆலயத்தை அழித்ததையும், பெத்தார் வீழ்ந்ததையும் யூத மரபு ஆவ் மாதம் ஒன்பதாம் நாளில்தான் வைக்கிறது. ஆவ் பிறந்தது முதல் அந்த நாள் முடியும்வரை அஷ்கெனாசி யூதர்கள், சப்பாத் நீங்கலாக, இறைச்சியும் மதுவும் தொடுவதில்லை. ஆனால் இதே நாட்களில் ஒருவர் தல்மூதின் ஒரு நூலைப் படித்து முடித்தால் ‘சியூம்’ என்னும் நிறைவு விருந்து நடக்கிறது. கடைசி வரிகளைச் சபையில் வாசித்து, தல்மூது அறிஞர் ராவ் பாப்பாவின் பத்து மகன்களின் பெயர்களைச் சொல்லி, பிறகு பந்தியில் உட்காருகிறார்கள். அந்தப் பந்தியில் இறைச்சியும் மதுவும் உண்டு. துக்க நாட்களில் இது எப்படிச் சரி என்பதுதான் கேள்வி. விரதத்தைத் தட்டிக்கழிக்க இது ஒரு குறுக்குவழி என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தத் துக்கத்துக்கு யூதர்கள் கண்ட பதிலே இந்த விருந்துதான்.

அதற்குச் சாட்சி யோசுவா பென் ஹனனியா. ஆலயத்தில் பாடிய லேவியர் அவர். ஒருநாள் கதவடைக்க உதவப் போனபோது, அது பாடகன் வேலையல்ல என்று திருப்பி அனுப்பப்பட்டவர். பிற்காலத்தில் அவர் வீட்டுச் சுவர்கள் கரியேறிக் கிடந்தன. உலை வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. ஜெருசலேம் முற்றுகையில், பிணம் தவிர யாரையும் கிளர்ச்சியாளர்கள் வெளியே விடாதபோது, அவருடைய ஆசான் யோஹானான் பென் சக்காய் பாடையில் படுத்தார். ஒருபுறம் சக மாணவர் எலியேசரும் மறுபுறம் யோசுவாவும் தூக்கினார்கள். வாசலில் காவலர்கள் ‘பிணத்தை’ ஈட்டியால் குத்திப் பார்க்க முனைய, தடுத்து வெளியே கொண்டுபோனார்கள். ரோமத் தளபதி வெஸ்பாசியன் முன் நின்ற யோஹானான் கேட்டது ஆலயத்தை அல்ல. யாவ்னே ஊரையும் அதன் அறிஞர்களையும். ஜெருசலேமையே கேட்டிருக்கலாமே என்ற குறையையும் தல்மூது மறைக்காமல் பதிந்திருக்கிறது. கேட்டிருந்தால் எதுவுமே கிடைத்திருக்காது என்பதே என் கருத்து.

ஆலயம் எரிந்தபின் சிலர் இனி இறைச்சியும் மதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பலிபீடம் போனபின் இவை எதற்கு என்பது அவர்கள் வாதம். அப்படியானால் மாவுக் காணிக்கையும் நின்றுவிட்டது, ரொட்டியையும் விடுங்கள் என்றார் யோசுவா. முதற்பலன் காணிக்கையும் இல்லை, பழத்தை விடுங்கள். நீர் வார்க்கும் சடங்கும் இல்லை, தண்ணீரையும் விடுங்கள் என்று அடுக்கினார். அவர்கள் வாயடைத்துப்போனார்கள். துக்கம் காக்காமலும் இருக்க முடியாது, அளவு மீறியும் காக்கக் கூடாது என்பது அவர் தீர்ப்பு. ஆலயத்தை இழந்து தன் பாட்டையும் இழந்த ஒருவர் சொன்னதால்தான் அதற்கு இத்தனை கனம்.

விருந்துக்காகவே படிப்பை முடிக்கிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கலாம், மரபுக்கும் அது தெரியும். 16ஆம் நூற்றாண்டில் சியூமுக்கு அனுமதி தந்த கிராக்கோவின் மோசே இஸர்லெஸே, ஒன்பதாம் நாள் வரும் வாரத்தில் இறைச்சி உண்போரைப் பத்துப் பேராகச் சுருக்கினார். இதற்காகப் படிப்பை விரட்டவோ இழுத்தடிக்கவோ கூடாது என்றார்கள் பின்வந்தவர்கள். இறைச்சியே இல்லாவிட்டாலும் இந்நாட்களில் சியூம் நடத்துங்கள் என்று லுபாவிச் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் வற்புறுத்தினார். ஒன்பதாம் நாளன்று மட்டும் யோபு, புலம்பல் போன்ற துயரப் பகுதிகள் நீங்கலாகத் தோரா படிப்பதற்கே தடை, காரணம் படிப்பு மனத்தை மகிழ்விக்கும் என்பது. அப்படியென்றால் மகிழ்ச்சி படிப்பிலேயே இருக்கிறது, தட்டில் இருப்பது அதன் மரியாதை மட்டுமே.

பெத்தார் அடுத்த வாரத்துக்குப் போகிறது. ரோம் மீது கொதித்தெழுந்த கூட்டத்தை ரிம்மோன் சமவெளியில் ஒருமுறை அடக்கியவரும் இதே யோசுவாதான். பின்னர் ரோமுக்கு எதிராகப் பார் கோக்பா வாளெடுத்தபோது யோசுவாவின் குரல் ஒலிக்கவில்லை. வீரத்தில் பார் கோக்பா பெரியவர்தான். ஆனால் அவருடைய கோட்டை சில ஆண்டுகளில் விழுந்தது. பாடை சுமந்தவர்கள் காப்பாற்றிய படிப்பை இன்றும் ஆவ் மாதத்தில் யாரோ ஒருவர் முடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு யோசுவாவே நாயகன்.